அறுத்த நெல்லை எங்கே, எப்போது விற்பது? மட்டக்களப்பு, அம்பாறை விவசாயிக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

தை பிறந்ததும் வட்டைகளில், அதாவது வயல் தொகுதிகளில், அறுவடை இயந்திரம் இறங்கிவிடும். வெல்லாவெளி, கிரான், நாவிதன்வெளி, சம்மாந்துறை என்று எந்தப் பக்கம் போனாலும் அந்த நாட்களில் கேள்வி ஒன்றுதான்: "களத்திலயே குடுத்திரவா, காயப்போட்டு வைக்கவா?" கேட்பவர்கள் பெரும்பாலும் சின்ன விவசாயிகள். இரண்டு, மூன்று ஏக்கர். அதிலும் ஒரு பகுதி குத்தகை. லொறி வீதியில் நிற்கும். பொழுது சாய்வதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"விலை ஏறும், வையுங்கள்" என்றோ "கிடைத்ததை வாங்குங்கள்" என்றோ ஒரே வரியில் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பக்கத்துப் பக்கத்து வயல் வைத்திருக்கும் இருவருக்கே வெவ்வேறு பதில் சரியாக இருக்கலாம். ஒருவருக்குக் கடன் இல்லை, வீட்டில் சீமெந்துத் தரை இருக்கிறது. மற்றவருக்கு உரக் கடன் கழுத்தில் நிற்கிறது, மழை வந்தால் மூட ஒரு நல்ல படங்கு கூட இல்லை.

நான் இதைப் பார்க்கும் விதம் இது. ஒவ்வொரு விற்பனை வழியிலும் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது. அது வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால், அந்த இடத்தில் நம் காசு போகிறது. அவருக்கும் தெரியாது என்றால் அது இருவருக்கும் பொதுவான ஆபத்து. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் முடிவு பாதி எடுத்தாயிற்று.

## எதை வைத்து அளப்பது

முதலாவது விலை. இன்று ஆலையில் என்ன விலை என்பது வியாபாரிக்குத் தெரியும், நமக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டு இடத்துக்குப் போன் எடுத்தால் நமக்கும் தெரிந்துவிடும். பங்குனியில் என்ன விலை என்பது அவருக்கும் தெரியாது. ஃபிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1921இலேயே ஒரு வேறுபாட்டை எடுத்துக் காட்டினார்: கணக்குப் போடக்கூடிய ஆபத்து வேறு, கணக்கிலேயே அடங்காத நிச்சயமின்மை வேறு. மாசியில் மழை வருமா என்பது முதல் வகை. நாற்பது வருடம் வயல் செய்தவர் அதை ஓரளவு சொல்லிவிடுவார். அரிசி இறக்குமதிக்கு அரசாங்கம் எப்போது கதவைத் திறக்கும் என்பது இரண்டாம் வகை. 2024 டிசம்பரில் தற்காலிகமாகத் திறந்தார்கள். கிழக்கில் அறுவடைக்குச் சில வாரங்களே இருந்த நேரம் அது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்துவார்கள் என்று யாரால் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியும்?

இரண்டாவது எடை, மூன்றாவது ஈரம். இரண்டும் அளந்து அறியக்கூடியவை. அளக்காமல் விட்டால் மட்டுமே அவை இரகசியம்.

நான்காவது காசு: எப்போது வரும், வராமல் போனால் யாரைக் கேட்பது.

ஐந்தாவது, "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வேறு இடத்துக்குப் போக முடியுமா என்பது. இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. விலைத் தகவல் போனில் வந்துவிட்டால் இடைத்தரகரின் பிடி தானாகத் தளர்ந்துவிடும் என்று பேசுகிறார்கள். கேரளாவின் வடகரையோரத்தில் 1997 முதல் 2001 வரை கைபேசிச் சேவை பரவியபோது அப்படித்தான் நடந்தது. மத்தி மீன் பிடிக்கும் படகுகள் கடலில் நின்றபடியே எந்தத் துறையில் விலை கூட என்று கேட்டு அங்கே போயின. வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றது, மீனவரின் லாபம் 8 வீதம் கூடியது, வாங்கிச் சாப்பிடுபவருக்கு விலை 4 வீதம் குறைந்தது. ரொபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆனால் மேற்கு வங்கத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கு மொத்தச் சந்தை விலையைத் தினமும் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் கைக்கு வந்த விலை சராசரியாகக் கூடவில்லை. அவர்களால் அந்தச் சந்தைக்கு நேரடியாகக் கொண்டுபோய் விற்க முடியாது, ஊர் வியாபாரியிடமே கொடுக்க வேண்டும். கேரள மீனவரிடம் தகவலோடு படகும் இருந்தது. நம் களத்தில் மூட்டையோடு நிற்பவருக்குப் படகு எது என்பதை முதலில் பார்க்க வேண்டும்: ஓர் உழவு இயந்திரப் பெட்டியா, காயப்போட ஒரு தரையா, இன்னும் மூன்று வாரம் தாங்கக்கூடிய கைக்காசா?

## ஒரே பார்வையில்

| வழி | நாம் சுமக்கும் தெரியாமை | காசு வரும் நேரம் | கண்ணில் படாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| களத்திலேயே ஈர நெல் | எடை, ஈரக் கழிவு, அன்றைய ஆலை விலை | பெரும்பாலும் அன்றே | மூட்டைக்கு மூட்டை கழிவு | தரை இல்லாதவர், மழை நெருங்கும்போது |
| காயவைத்து வைத்திருத்தல் | எதிர்கால விலை, பூச்சி, எலி | வாரங்கள், மாதங்கள் கழித்து | எடைக் குறைவு, கூலி, வட்டி | கடன் இல்லாதவர், இடம் உள்ளவர் |
| நெல் சந்தைப்படுத்தும் சபை | எப்போது திறக்கும், ஏற்பார்களா | வங்கிக் கணக்குக்கு | உலர்த்தல், ஏற்றுக்கூலி, காத்திருப்பு | நன்றாகக் காயவைத்தவர், பத்திரம் சரியாக உள்ளவர் |
| ஆலையில் போட்டு வைத்தல் | காசு வருமா, எந்த நாளின் விலை | நாம் விலை முறிக்கும் (பேசி முடிக்கும்) நாளில் | எழுத்தில் இல்லாத வாக்கு | ஆலைக்காரரை நீண்டகாலம் அறிந்தவர் |

## களத்திலேயே, ஈர நெல்லாக

முன்பு கதிரை வெட்டி, காயவிட்டு, குவித்துச் சூடு வைத்து, பிறகுதான் அடிப்பார்கள். அடிக்கும்போதே நெல் பாதி காய்ந்திருக்கும். அவசரம் இல்லாவிட்டால் சூட்டை அடிக்காமல் சில நாள் வைத்திருக்கவும் முடியும். இயந்திரம் வந்தபின் வேலை ஒரு நாளில் முடிகிறது. ஆனால் 20 வீதமும் அதற்கு மேலும் ஈரத்தோடு, ஒரு வட்டை முழுவதன் நெல்லும் ஒரே வாரத்தில் வீதிக்கு வருகிறது. ஈர நெல்லைக் கட்டி வைத்தால் மூட்டைக்குள் சூடேறி நிறம் மாறும். விற்பவருக்கு அவசரம், வாங்குபவருக்கு அவசரம் இல்லை. "இண்டைக்கு இதான் விலை, நாளைக்கு இதுவும் இல்ல" என்று அவர் சொல்லும்போது அது உண்மையா, பேரமா என்று பிரித்தறிய நமக்கு நேரம் கிடையாது.

வியாபாரிக்கு என்ன தெரியும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அன்று காலை ஆலை சொன்ன விலை தெரியும். அடுத்த வட்டையில் எத்தனை இயந்திரம் நிற்கிறது என்று தெரியும். இந்த வட்டையில் யாருக்கு யாரிடம் கடன் என்பதும் தெரியும். ஆனால் விவசாயிக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாதவையும் இருக்கின்றன: வயலின் எந்த மூலை சாய்ந்து நீரில் கிடந்தது, இனம் கலந்திருக்கிறதா, அடி மூட்டையில் என்ன இருக்கிறது. மறைவு இரண்டு பக்கமும்தான்.

இப்படிப்பட்ட சந்தைக்கு என்ன ஆகும் என்பதை ஜார்ஜ் அக்கர்லொஃப் 1970இல் பழைய கார் விற்பனையை வைத்து விளக்கினார். நல்ல காரையும் பழுதான காரையும் பிரித்தறிய முடியாதவர் எல்லாவற்றுக்கும் நடுத்தரமான ஒரு விலையே சொல்வார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் கொடுக்க மாட்டார். சந்தையில் மிஞ்சுவது மட்டமானது. இந்த வழியில் செய்த ஆய்வுகளுக்காக அவருக்கும் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் 2001இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் களத்தில் இது அப்படியே நடக்கிறது. வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கிறார், ஒரு நெல்லைக் கடித்துப் பார்க்கிறார், "ஈரம் கூட" என்று சொல்லி எல்லாருக்கும் ஒரே கழிவு போடுகிறார். இரண்டு நாள் கூடுதலாகக் காயவைத்தவருக்கும் அதே கழிவு. அடுத்த போகம் அவர் ஏன் காயவைக்கப் போகிறார்? எல்லோரும் ஈரமாகக் கொண்டுவருகிறார்கள், வியாபாரி எல்லோரையும் சந்தேகிக்கிறார், விலை இன்னும் இறங்குகிறது. இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்லத் தேவையில்லை. அளவு இல்லாத இடத்தில் இப்படித்தான் முடியும்.

ஆகவே அளவை நாமே வைத்திருக்க வேண்டும். ஈரத்துக்கு எவ்வளவு கழிவு நியாயம் என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும். 100 கிலோ நெல்லில் ஈரம் 20 வீதம் என்றால் காய்ந்த பொருள் 80 கிலோ. 14 வீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் 80ஐ 0.86ஆல் வகுக்க வேண்டும்: 93 கிலோ. அதாவது நியாயமான ஈரக் கழிவு 100 கிலோவுக்கு 7 கிலோ. 22 வீதம் என்றால் கழிவு 9 கிலோவுக்குச் சற்று மேல், 18 வீதம் என்றால் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 16 வீதம் என்றால் இரண்டரைக்குள். உலர்த்தும் கூலியை வியாபாரி இதற்கு மேல் கேட்பது நியாயம்தான். ஆனால் அதைக் கூலி என்று தனியாகப் பேசட்டும். ஈரத்தின் பெயரில் எடையிலும் கழித்து, விலையிலும் குறைத்தால் ஒரே காரணத்துக்கு இரண்டு முறை கொடுக்கிறோம். இது அடிக்கடி நடக்கிறது, கவனியுங்கள்.

ஈரமானி வாங்க ஒருவருக்கு வசதி இல்லாவிட்டால் விவசாய அமைப்பு ஒன்று சேர்ந்து வாங்கலாம். அதுவும் இல்லையென்றால் உப்புச் சோதனை இருக்கிறது. நன்கு காய்ந்த கண்ணாடிப் போத்தலில் கால்வாசிக்கு நெல்லும் அதில் ஒரு பிடி காய்ந்த உப்பும் போட்டு மூடி, சில நிமிடம் குலுக்கி வையுங்கள். போத்தல் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாமல் விழுந்தால் அதற்குக் கீழ். துல்லியம் இல்லை, ஆனால் வெறும் வாய்ப்பேச்சை விட மேல்.

தராசுக்கும் ஒரு வழி உண்டு. தைத்தது பிரிக்காத 50 கிலோ உரமூட்டை ஒன்றைக் களத்தில் வைத்திருந்து, நெல் நிறுக்க முன் அதைத் தொங்கவிட்டுப் பாருங்கள். 48 காட்டினால் ஒவ்வொரு நூறு கிலோவிலும் 4 கிலோ போகிறது. சண்டை பிடிக்கத் தேவையில்லை. "அதையும் ஒருக்கா நிறுத்துப் பாப்பம்" என்றாலே போதும், பல தராசுகள் சரியாகிவிடும்.

இது எப்போது நல்ல வழி? வானம் கறுத்துக்கொண்டு வரும்போது. 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளத்தை மட்டக்களப்பு, அம்பாறை விவசாயி மறக்க மாட்டார். அறுவடைக்கு நின்ற வயலே தண்ணீரில் போனது. காயப்போட இடம் இல்லாதவருக்கும், வீதியில் காயப்போட்டுக் காவல் இருக்க ஆள் இல்லாத வீட்டுக்கும் இதுவே புத்தி. அப்படி விற்பதில் தோல்வி எதுவும் இல்லை, எடையும் ஈரமும் தெரிந்து விற்றால் சரி.

## காயவைத்து வைத்திருப்பது

"அறுவடையில் விற்றால் நட்டம், வைத்திருந்தால் லாபம்" என்பது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது. கணக்கோடு பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்கு. உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

களத்தில் 20 வீத ஈர நெல்லுக்குக் கிலோ 95 ரூபாய் தருகிறார்கள் என்று வையுங்கள். ஆயிரம் கிலோவுக்கு 95,000 ரூபாய். அதையே காயவைத்தால் 930 கிலோ. உலர்த்தல், சாக்கு, ஏற்றி இறக்கல் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 4 ரூபாய் என்றால் 3,720 ரூபாய். மூன்று மாதம் வைத்திருப்பதில் எலி, அந்து, வண்டு என்று 3 வீதம் போனால் மிஞ்சுவது 902 கிலோ. அந்த மூன்று மாதமும் வீட்டுச் செலவுக்கும் கடனுக்கும் நகையை அடகு வைத்து மாதம் 2 வீத வட்டி கட்டினால் 95,000க்கு வட்டி 5,700. எல்லாம் கூட்டினால் 104,420. அதை 902ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 116 ரூபாய். அதாவது களத்து விலை 95ஆக இருந்தபோது, மூன்று மாதம் கழித்து 116 கிடைத்தால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. 110க்கு விற்றவர் "பதினைந்து ரூபாய் கூட வித்தேன்" என்று சந்தோஷப்படுவார், உண்மையில் நட்டம்.

இதில் வட்டியை எடுத்துவிடுங்கள். 109 ரூபாய்க்குச் சற்று மேல் கிடைத்தாலே சமன். கடன் இல்லாதவருக்கும் கடன் உள்ளவருக்கும் பதில் வேறு என்று நான் சொன்னது இந்த ஆறேழு ரூபாயைத்தான். கென்யாவில் சோள விவசாயிகளுக்கு அறுவடை நேரத்தில் சிறு கடன் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. கடன் கிடைத்தவர்கள் உடனே விற்காமல் வைத்திருந்து பிறகு விற்றார்கள், அவர்களுடைய வருமானம் கூடியது. விலை ஏறும் என்பது அவர்களுக்கு முன்பும் தெரியும். காத்திருக்கக் காசு இல்லாததுதான் தடை.

வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று: தார் வீதியில் உச்சி வெயிலில் மெல்லியதாகப் பரப்பி ஒரே நாளில் சுட்டெடுத்த நெல் குற்றும்போது உடையும், குறுணல் கூடும், ஆலை விலையைக் குறைக்கும். அடிக்கடி கிளறி, உச்சி வெயிலில் குவித்து மூடி, ஓரிரு நாள் எடுத்துக் காயவைப்பதே நல்லது. சில மாதம் வைப்பதற்கு 14 வீதத்துக்கு மேல் ஈரம் இருக்கவே கூடாது.

அப்புறம் அனுபவம் பற்றி. 2022இல் வைத்திருந்தவர்கள் நல்ல காசு பார்த்தார்கள். உரத் தடைக்குப் பிறகு விளைச்சல் விழுந்தது, டொலர் நெருக்கடி வந்தது, அரிசி விலை பறந்தது. அந்த ஒரு வருடத்தை வைத்து "வைத்திருப்பதே சரி" என்று பாடம் எடுத்தவர்கள் பலர். ஒரு விவசாயிக்கு வருடத்தில் இரண்டு போகம். இருபது வருடம் வயல் செய்தாலும் நாற்பது விலைகள்தான் தெரியும். அதில் சில, யுத்தமோ வெள்ளமோ உரத்தடையோ வந்த வருடங்கள். அது போதாதென்று, தேத்தண்ணிக் கடையில் லாபம் பார்த்தவர் உரத்துப் பேசுவார், நட்டப்பட்டவர் பேசாமல் எழும்பிப் போவார். நாம் கேட்கும் அனுபவமே ஒரு பக்கம் சாய்ந்தது. ஆகவே நினைவை நம்பாமல் எழுதி வைக்க வேண்டும்: திகதி, இனம், ஈரம், சொன்ன விலை, போட்ட கழிவு, காசு கைக்கு வந்த நாள். பத்துப் பேர் இப்படி எழுதி ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், ஒருவருக்குப் பத்து வருடம் எடுக்கும் பாடம் ஒரு போகத்தில் கிடைக்கும். இது செய்யக்கூடிய காரியம், காசும் செலவில்லை. செய்யாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

எல்லாவற்றையும் விற்பதா, எல்லாவற்றையும் வைப்பதா என்று யோசிக்க வேண்டியதும் இல்லை. கடனுக்கும் கூலிக்கும் தேவையானதைக் களத்தில் கொடுத்து, மிச்சத்தைக் காயவைப்பது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். எதிர்கால விலை யாருக்கும் தெரியாதபோது முழுவதையும் ஒரு பக்கம் வைக்கத் தேவையில்லை.

## நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பது

அரசாங்கம் நெல் வாங்குவதற்காக 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சபை இது. இந்த வழியில் விலை எல்லோருக்கும் ஒரே மாதிரித் தெரியும்; வானொலியில் சொல்கிறார்கள், பத்திரிகையில் போடுகிறார்கள். 2025 பெப்ரவரி 5ஆம் திகதி அறிவித்த உத்தரவாத விலை, கிலோவுக்கு, நாடு என்ற வகை நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபாய். 14 வீத ஈரத்துக்கு உலர்ந்த நெல்லுக்கான விலை அது.

மேலே போட்ட கணக்கையே இங்கும் போடலாம். ஆயிரம் கிலோ ஈர நெல் 930 கிலோவாகக் காய்ந்து, 120 ரூபாய்க்குப் போனால் 111,600. உலர்த்தலுக்கு 3,720, களஞ்சியத்துக்கு ஏற்றுக்கூலி ஒரு 3,000 என்று கழித்தால் கையில் 104,880. ஆகவே நாடு நெல்லுக்கு 120 ரூபாய் உத்தரவாதம் இருக்கும்போது, களத்தில் 20 வீத ஈர நெல்லுக்குக் கிலோ 105 ரூபாய் கிடைத்தால் இரண்டு வழியும் சமம். 100க்குக் கீழே கேட்டால் காயவைப்பது பிரயோசனம். இந்த 105 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு லொறிக்காரரிடம் பேசுவது வேறு விதமான பேச்சு. சபைக்கு ஒரு மூட்டையும் கொடுக்காதவருக்கும் அந்த விலை உதவுகிறது என்பதை மறக்க வேண்டாம். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போக வேறு இடம் என்று நான் முன்பு சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

தெரியாமை எங்கே என்றால், நேரத்தில். 2025இல் விலை அறிவித்த பெப்ரவரி 5ஆம் திகதி அன்று கிழக்கில் முந்தி அறுத்தவர்கள் ஏற்கெனவே விற்றாயிற்று. கிழக்கின் பெரும்போகம் நாட்டில் முந்தி அறுக்கப்படுபவற்றில் ஒன்று. அறிவிப்பு அதற்குப் பிந்தினால் மிக அவசரமாக விற்க வேண்டியவர்களுக்கே அந்த விலை எட்டாமல் போகிறது. உத்தரவாத விலையை விதைக்கும் நேரத்திலேயே, கார்த்திகையில், அறிவித்தால் அதன் பயன் பல மடங்கு. எத்தனை ஏக்கரில் எந்த இனம் விதைப்பது என்ற முடிவே அதை வைத்துத்தான் எடுக்கப்படும். விவசாயிகள் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான் என்பது என் உறுதியான கருத்து; விலையை இரண்டு ரூபாய் கூட்டுவதை விட இது பெறுமதியானது.

போக முன் செய்ய வேண்டியவை: கமநல சேவை நிலையத்தில் உங்கள் பெயரும் செய்த ஏக்கரும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது, வங்கிக் கணக்கு யார் பெயரில் என்று உறுதிசெய்வது, பதர் போகத் தூற்றுவது, வீட்டிலேயே ஈரம் பார்ப்பது. குத்தகைக்குச் செய்பவருக்கு முதலாவதே பெரிய சிக்கல். பத்திரத்தில் காணிக்காரரின் பெயர் இருக்கும், வயல் செய்தவர் வேறு. இதை அறுவடை நாளில் பேசித் தீர்க்க முடியாது, விதைக்கும்போதே காணிக்காரரோடு பேசி வைக்க வேண்டும். கொண்டுபோன நெல் ஈரம் கூட என்று திரும்பி வந்தால் ஏற்றுக்கூலி இரட்டிப்பு. உப்புப் போத்தல் இங்கேயும் உதவும்.

## ஆலையில் போட்டு வைப்பது

நெல்லை ஆலைக்குக் கொடுத்துவிட்டு, விலையைப் பிறகு முறிப்பது. இடப் பிரச்சினை இல்லை, எலி இல்லை, விலை ஏறினால் நமக்கு லாபம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் கொடுத்த நெல் அன்றைக்கே அரிசியாகி விற்றுப் போகலாம். அதற்குப் பிறகு நம் கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு மட்டும். உண்மையில் நாம் ஆலைக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறோம். அவருடைய வியாபாரம் எப்படி இருக்கிறது, வங்கிக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மேலே பார்த்த எல்லாத் தெரியாமையிலும் இதுதான் ஆழமானது, இதை அளக்க உப்பும் இல்லை தராசும் இல்லை.

பல வருடக் கொடுக்கல் வாங்கல், ஊருக்குள் குடும்பம், மரியாதை என்று இருக்கும் இடத்தில் இது நன்றாகவே நடக்கிறது. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் அப்பன் காலத்தில் இருந்து ஒரே ஆலைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்று மட்டும்: எடை, ஈரம், இனம், திகதி, "விலை முறிக்கும் நாளில் எந்த விலை" என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புதிய ஆலைக்கு முதல் வருடமே முழுப் போகத்தையும் போட வேண்டாம்.

## சிறுபோகத்துக்கு ஒரு குறிப்பு

உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், சேனநாயக்க சமுத்திரம் என்று குளத்து நீரில் சிறுபோகம் செய்பவர்களுக்கு அறுவடை வருவது வெயில் காலத்தில். நெல் வயலிலேயே நன்றாகக் காயும், மழைப் பயம் குறைவு. அதனால் களத்திலேயே கொடுக்க வேண்டிய நெருக்கடியும் குறைவு. பெரும்போகத்தில் போட்ட அதே ஈரக் கழிவைப் பழக்கத்தில் சிறுபோகத்துக்கும் போடுவார்கள். அதை ஏற்கத் தேவையில்லை. உங்கள் நெல் 16 வீதம் என்றால் நியாயம் இரண்டரைக் கிலோவுக்குள் என்று ஏற்கெனவே பார்த்தோம்.

## முடிவு எடுக்கப்படுவது கார்த்திகையில்

இவ்வளவும் யாருக்கென்றால், நெல் தன் கையில் இருப்பவருக்கு. உரமும் மருந்தும் கடைக்காரரிடம் கடனுக்கு எடுத்து, "நெல்லை எனக்கே தர வேணும்" என்ற வாக்கோடு விதைத்தவருக்கு மாசியில் நான்கு வழிகள் கிடையாது. அவருடைய விற்பனை முடிவு விதைக்கும்போதே எடுத்தாயிற்று, அன்று அதை அவர் ஒரு விற்பனை முடிவாக நினைத்திருக்கவும் மாட்டார்.

ஓர் உதாரணக் கணக்கு. 60,000 ரூபாய்க்குச் சாமான் கடன். வட்டி இல்லை என்கிறார்கள். மாசியில் 3,000 கிலோ நெல்லை, மற்றவர்களுக்குக் கொடுக்கும் விலையை விடக் கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்து எடுக்கிறார்கள். 15,000 ரூபாய். நான்கு மாதத்துக்கு 25 வீதம். அதே 60,000ஐ மாதம் 2 வீத அடகில் எடுத்திருந்தால் நான்கு மாத வட்டி 4,800. வட்டி என்ற பெயரில் வராததால் அது கண்ணில் படுவதில்லை.

கடன் கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. வெள்ளம் வந்தால் தன் காசு போகும், யார் திருப்பித் தருவார் என்று அவருக்கும் தெரியாது. நெல்லைக் கட்டி வைப்பது அவருடைய பாதுகாப்பு. பிணை இல்லாதவருக்கு வங்கி கொடுக்காத இடத்தில் அவர்தான் கொடுக்கிறார். ஆகவே அவரைத் தவிர்க்க முடியாவிட்டால் பேச்சை மாற்றிப் பேசலாம். கடன் காசாகவே இருக்கட்டும், வட்டி எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். நெல்லை அவருக்குக் கொடுப்பதென்றால் அன்று அந்த வட்டையில் மற்றவர்களுக்கு என்ன விலையோ அதே விலை. வேறு இடத்தில் விற்றால் அறுவடை முடிந்து இத்தனை நாளுக்குள் காசாகக் கட்டுவது. இதைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விவசாய அமைப்பு பொதுவாகப் பேசினால், ஒருவர் தனியாகக் கேட்கும் சங்கடம் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து உரத்தை மொத்தமாக வாங்கினால் கடனின் அளவும் குறையும்.

கடைக்காரர் இந்த நிபந்தனை எதற்கும் இணங்கவில்லை, வேறு கடனும் கிடைக்கவில்லை என்றால், முழு வயலுக்கும் அவரிடம் எடுக்காமல் ஓர் ஏக்கருக்கு மட்டும் எடுத்து, அந்த ஏக்கரின் நெல்லை மட்டும் அவருக்கு என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கு நகை அடகு வட்டி எவ்வளவு, கூட்டுறவுக் கடன் கிடைக்குமா என்று விதைப்புக்கு முன்னமே போய்க் கேட்டு வையுங்கள். கதிர் முற்றிய பிறகு கேட்டுப் பயன் இல்லை.